ஞாயிறன்று அடைத்திருந்த கடை

பத்துக் கற்பனைகளில் மூன்றாம் கற்பனை சிறு பிள்ளைகளும் மனப்பாடமாய்ச் சொல்லக்கூடியது. ஞான உபதேச வகுப்பில் கற்றவற்றில் எளிதாய் நினைவில் நிற்பது அது. குடும்பம் என்று ஒன்று ஏற்பட்ட பிறகு அனுசரிக்க வருத்தமாயிருப்பதும் அதுவே. கோவிலில் பூசைக்கு மணி அடிக்கிறது. வீட்டில் அடுப்பின் மேல் உலை கொதிக்கிறது. கைக்குழந்தை காய்ச்சலாய்க் கிடக்கிறது. வயது சென்ற மாமனார் மாமியாருக்கு நேரத்தில் கஞ்சி கொடுக்கவேண்டும். வாரமெல்லாம் வேலைக்குப் போனவர் அன்றாவது வீட்டில் நல்ல சாப்பாடு கிடைக்குமென்று எதிர்பார்க்கிறார். கடை வைத்திருப்பவருக்கோ மற்ற நாட்களைவிட அன்றுதான் வியாபாரம் அதிகம்.

இப்படியிருக்க, ஆண்டவருக்குரிய நாளை ஆண்டவருக்குக் கொடுப்பதெப்படி? குடும்பத்தாருக்குரிய கடமையைக் குறைவின்றிச் செய்வதெப்படி? இவ்விரண்டையும் ஒரே வீட்டில், ஒரே நாளில் சேர்த்து நடத்திய ஒரு தம்பதிகளின் சரித்திரத்தை இவ்வாரம் நம் பங்குக் குடும்பங்களுக்கு முன் வைக்கிறோம். அவர்கள் பிரான்சு தேசத்தைச் சேர்ந்த லூயி மார்ட்டின் என்பவரும் அவர் மனைவி செலி அம்மாளும். குழந்தை சேசுவின் அர்ச். தெரேசம்மாளைப் பெற்று வளர்த்த தாய் தந்தையர் இவர்களே.

மடத்தை நாடிய இருவர்

லூயி 1823-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 22-ந் தேதி போர்தோ நகரத்தில் பிறந்தார். தகப்பனார் இராணுவத்தில் அதிகாரி. லூயி பட்டாளத்தில் சேராமல் கடிகார வேலையைக் கற்றார். பொறுமையும் அமைதியும் வேண்டிய அத்தொழில் அவர் சுபாவத்துக்கு ஏற்றதாயிருந்தது. 1845-ம் ஆண்டில் உலகத்தைத் துறக்க விரும்பி, ஆல்ப்ஸ் மலைமேலுள்ள மகா அர்ச். பெர்னார்து மடத்தின் கதவைத் தட்டினார். லத்தீன் பாஷை தெரியாதவரைச் சேர்க்க வழியில்லையென்று அங்கே சொல்லிவிட்டார்கள். ஊர் திரும்பி லத்தீன் கற்கத் தொடங்கியும் உடல்நலக் குறைவால் அம்முயற்சி நின்றுபோயிற்று. பிறகு கடிகார வேலையில் தேர்ச்சி பெற்று, 1850-ம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நார்மண்டி நாட்டிலுள்ள அலென்சோன் என்னும் ஊரில், புதுப்பாலத் தெருவில் ஒரு கடிகாரக் கடை வைத்தார். நாளடைவில் அதே இடத்தில் நகை வியாபாரமும் சேர்ந்தது.

செலி 1831-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 23-ந் தேதி அலென்சோனுக்குச் சமீபமான ஒரு கிராமத்தில் பிறந்தாள். அவளும் கன்னியர் மடத்தில் சேர்ந்து நோயாளிகளுக்கு ஊழியம் செய்ய ஆசித்தாள். மடத்துத் தலைவியோ அவளுக்கு அந்த அழைத்தல் இல்லையென்று அனுப்பிவிட்டாள். அப்போது அந்த இளம் பெண், தனக்குச் சர்வேசுரன் அநேகம் பிள்ளைகளைத் தந்தருள வேண்டும், அவர்கள் எல்லாரும் அவருக்கே சொந்தமாயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். பிழைப்புக்காக லேஸ் வேலை கற்று, 1853-ம் ஆண்டில் சொந்தமாய் அத்தொழிலைத் தொடங்கினாள்.

இவ்விருவரும் 1858-ம் ஆண்டு ஜூலை மாதம் 13-ந் தேதி, நடுநிசியில், அலென்சோன் தேவமாதா கோவிலில் மெய்விவாகம் செய்துகொண்டார்கள். மடத்தில் இடம் கிடைக்காத இருவர் சேர்ந்து ஒரு வீட்டைத் தொடங்கினார்கள். அவ்வீட்டின் மேல்மாடியில் லூயியின் பெற்றோரும் இருந்தார்கள்.

அடைத்த கதவு

அந்தக் காலத்தில் பிரான்சு தேசத்தில் ஞாயிறு அனுசரிப்பு எப்படியிருந்தது என்று அறிந்தால்தான் லூயி செய்த காரியத்தின் பெறுமதி விளங்கும். ஞாயிற்றுக்கிழமையில் கடை திறக்கவும் வேலை செய்யவும் கூடாதென்று 1814-ம் ஆண்டில் ஒரு சட்டம் ஏற்பட்டிருந்தது. சட்டம் ஏட்டில் இருந்ததேயொழிய அதை மதித்தவர்கள் வரவரக் குறைந்தார்கள். 1846-ம் ஆண்டு லா சலெத் மலையில் மாடு மேய்த்த இரு சிறுவர்களுக்குத் தேவதாய் காட்சி கொடுத்துக் கண்ணீர் விட்டபோது, ஞாயிறு மீறப்படுவதும் அந்தத் துயரத்துக்கு ஒரு காரணமாயிருந்தது. 1880-ம் ஆண்டில் அச்சட்டமும் எடுபட்டுப்போயிற்று. வாராந்தர ஓய்வு நாளைச் சட்டம் மறுபடி உறுதிசெய்தது 1906-ம் ஆண்டில்தான். இடைக்காலத்தில் தொழிலாளிகள் பலருக்குப் பூசைக்கும் நேரமில்லை, பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடவும் நேரமில்லை.

அலென்சோன் ஊரில் நகை விற்பவர்களுக்கு ஞாயிறு நல்ல வியாபார நாள். சுற்றுக் கிராமங்களிலுள்ள குடியானவர்கள் அன்றுதான் நகரத்துக்கு வருவார்கள். கலியாணம் நிச்சயித்தவர்கள் மோதிரமும் சங்கிலியும் வாங்குவதும் அன்றுதான். மற்றக் கடைகள் திறந்திருக்க, லூயி மார்ட்டினின் கடை மட்டும் அடைத்திருக்கும். இரண்டு கடை தள்ளிப்போய் வாங்கிக்கொள்வது வருகிறவர்களுக்குச் சிரமமான காரியமல்ல.

சிநேகிதர்கள் புத்தி சொன்னார்கள். முன்கதவு அடைத்தபடியே இருக்கட்டும், பக்கத்துக் கதவை மாத்திரம் திறந்துவைத்தால் வருகிறவர்களைத் திருப்பி அனுப்பவேண்டியதில்லை என்றார்கள். அவருடைய ஆன்ம குருவானவரே, நண்பகல் வரையில் கடை திறந்து வைப்பதற்கு உத்தரவு கொடுத்தார். உத்தரவு கொடுத்தவர் சாமானியரல்ல, மனச்சாட்சியின் காரியங்களில் தீர்ப்புச் சொல்லவேண்டியவர். ஆகையால் லூயி கடையைத் திறந்திருந்தாலும் பாவமென்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஆயினும் அவர் அந்த உத்தரவை உபயோகிக்கவில்லை. நஷ்டமானாலும் ஆகட்டும் என்று கதவை அடைத்தே வைத்தார்.

இதில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. லூயி தமக்கென்று ஒரு பாரத்தை ஏற்றுக்கொண்டாரேயல்லாமல் அதைப் பிறர் தலைமேல் சுமத்தவில்லை. ஞாயிறன்று வேலைக்குப் போயே ஆகவேண்டியவர்கள் எக்காலத்திலும் உண்டு. நோயாளிகளைப் பார்ப்பவர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள், எஜமானனுடைய சொல்லைத் தட்டமுடியாத ஏழைகள் இவர்களைக் குற்றவாளிகளென்று எண்ணுவது நியாயமல்ல. லூயிக்கு முன்னிருந்த கேள்வி வேறு. அவர் சுயாதீனர், கதவைத் திறப்பதும் அடைப்பதும் அவர் கையில் இருந்தது. திறந்தால் கிடைப்பது பிழைப்புக்கு அவசியமான அப்பமல்ல, அதற்குமேல் வரும் லாபமே. அந்த லாபத்தை அவர் வேண்டாமென்றார்.

பல வருஷங்களுக்குப் பிறகு, 1875-ம் ஆண்டில் எழுதிய ஒரு கடிதத்தில் செலி அம்மாள் இதை நினைவுகூர்ந்தாள். தன் கணவர் ஒருபோதும் ஐசுவரியத்தைத் தேடிப்போனவரல்ல, அப்படியிருந்தும் வீட்டில் குறைவில்லை; இது ஞாயிற்றுக்கிழமையைப் பிரமாணிக்கமாய் அனுசரித்ததற்குக் கிடைத்த விசேஷ ஆசீர்வாதமென்றே தான் நம்புவதாக அதில் தெரிவித்தாள். இதை வாசிக்கும் நாம், ஞாயிறன்று கடையை அடைத்தால் பணம் சேருமென்று கணக்குப் போடலாகாது. அதே தம்பதிகள் ஒன்பது பிள்ளைகளில் நால்வரைச் சிறுவயதிலேயே அடக்கம் செய்தவர்கள். சர்வேசுரனோடு அவர்கள் வியாபாரம் பேசவில்லை. நாளைக் கொடுத்தார்கள், பிறகு வந்ததை, சுகமோ துக்கமோ, அவர் கையிலிருந்தே வாங்கிக்கொண்டார்கள்.

ஊசியும் தொட்டிலும்

செலி அம்மாளுடைய பாரம் வேறு விதமானது. அலென்சோன் லேஸ் என்பது ஊசியாலும் நூலாலும் மட்டும் செய்யப்படுவது. ஒரு சதுர சென்டிமீட்டர் அளவு முடிக்க ஏறக்குறைய ஏழு மணி நேரம் பிடிக்கும். 2010-ம் ஆண்டில் யுனெஸ்கோ அக்கலையை மனுக்குலத்தின் கலாசாரச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. ஒரு துண்டு பல பெண்களின் கைமாறிச் செல்லும். ஒவ்வொருத்தியும் தனக்குத் தெரிந்த ஒரு தையலை மாத்திரம் போடுவாள். அவர்கள் தங்கள் தங்கள் வீட்டிலிருந்து வேலை செய்து, வியாழக்கிழமைதோறும் செலி அம்மாளிடம் கொண்டுவருவார்கள். துண்டுகளை இணைப்பு தெரியாமல் ஒன்று சேர்ப்பது எல்லாவற்றிலும் நுட்பமான வேலை. அதை அவளே செய்தாள்.

இதோடு வீட்டு வேலையும் பிள்ளை வளர்ப்பும். 1860-ம் ஆண்டு முதல் 1873-ம் ஆண்டு வரையில் ஒன்பது குழந்தைகள் பிறந்தன. விதவையாகிப்போன தன் தகப்பனாரை 1866-ம் ஆண்டில் வீட்டுக்கு அழைத்து வந்து, 1868-ம் ஆண்டில் அவர் மரிக்குமட்டும் பராமரித்தாள். 1871-ம் ஆண்டின் தொடக்கத்தில் பிரஷ்யப் படைகள் ஊருக்குள் புகுந்தபோது, அவ்வீட்டில் ஒன்பது போர்ச்சேவகர்கள் தங்கவைக்கப்பட்டார்கள். அவர்களுக்கும் சமைத்துப் போடவேண்டியதாயிற்று. விடியுமுன் எழுந்து, இரவு பதினொரு மணி வரையிலும் ஊசியோடு உட்கார்ந்திருந்த நாட்கள் அநேகம். இந்த லேஸ் தன்னை அடிமையாக்கிவிட்டதென்று சில கடிதங்களில் அவள் ஒளிக்காமல் முறையிட்டிருக்கிறாள். அர்ச்சியசிஷ்டவர்களுக்குக் களைப்பே இல்லையென்று நினைப்பவர்களுக்கு அக்கடிதங்கள் நல்ல மருந்து.

மனைவியின் பாரத்தைக் கண்ட லூயி சும்மாயிருக்கவில்லை. 1870-ம் ஆண்டில் தம் கடிகாரக் கடையைச் சகோதரியின் மகனுக்கு விற்றுவிட்டு, மனைவியின் லேஸ் தொழிலுக்கு உதவியாய் நின்றார். பாரீசுக்குப் போய் வியாபாரம் பேசுவதும், கணக்குப் பார்ப்பதும் அவர் வேலையாயிற்று. இருபது வருஷமாய் வளர்த்த தம் தொழிலை விட்டு மனைவியின் தொழிலுக்குத் துணையாய்ப் போவது அக்காலத்தில் ஆண்பிள்ளைகள் எளிதில் செய்யத் துணியாத காரியம். வீட்டுப் பாரம் ஒருத்தியின் தோள்மேல் மாத்திரம் இருக்கும் இடத்தில் அவளுக்கு ஞாயிறும் திங்களும் ஒன்றுதான் என்பதை லூயி அறிந்திருந்தார்.

அந்த வீட்டு ஞாயிறு

வார நாட்களிலேயே ஐந்தரை மணிப் பூசைக்குப் போவது அவ்விருவருடைய வழக்கம். வேலைக்குப் போகும் ஏழைகள் காணும் பூசை அது. ஞாயிறு வந்தால் ஊசியும் நூலும் கிட்டே வராது. பாரீசிலிருந்து வந்த கட்டளை எவ்வளவு அவசரமானாலும் அது திங்கட்கிழமைக்குக் காத்திருக்கும். பாட்டுப் பூசையும், பிற்பகலில் வேஸ்பர் என்னும் மாலைப் பிரார்த்தனையும் அந்நாளின் இரண்டு தூண்கள். இடையில் குடும்பத்தார் ஒன்றாய் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பிள்ளைகளோடு வயல்வெளியில் உலாவப் போவார்கள். லேஸ் வேலை செய்யும் பெண்களில் யாராவது வியாதியாயிருந்தால், வேஸ்பர் முடிந்ததும் செலி அம்மாள் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்து வருவாள். வேலைக்காரர்களைச் சொந்தக் குடும்பத்தாரைப்போல் நடத்தவேண்டும் என்பது அவளுடைய கொள்கை.

கைக்குழந்தை உள்ள வீட்டில் எல்லாரும் சேர்ந்து கோவிலுக்குப் போவதெப்படி? இதற்கு விடை தெரேசம்மாள் தம் சுயசரிதையிலேயே எழுதிவைத்திருக்கிறார். தாம் மிகச் சிறு பிள்ளையாயிருந்தபோது தம்மைப் பார்த்துக்கொள்ளத் தாயார் வீட்டில் இருந்துவிடுவார் என்கிறார். தினந்தோறும் விடியற்காலைப் பூசையைத் தேடிப்போன அந்தத் தாய், பாட்டுப் பூசை நேரத்தில் வீட்டில் குழந்தையோடு இருந்தாள். குழந்தையோ, கோவிலில் பூசை நடக்கிற நேரமென்று சத்தமின்றிக் கால்விரலால் நடக்கும். மற்றவர்கள் திரும்பி வந்து கதவு திறந்ததும் அக்காள் செலினிடம் ஓடி, கோவிலில் கொடுக்கும் மந்திரித்த அப்பத்தைக் கேட்கும். ஒருநாள் செலின் நேரத்துக்குப் போய்ச் சேராததால் அப்பம் கிடைக்கவில்லை. குழந்தை ஏமாந்து போகாதபடி, அலமாரியிலிருந்த அப்பத்தில் ஒரு துண்டை அறுத்து, அதன்மேல் ஓர் அருள்நிறை மந்திரத்தைப் பயபக்தியோடு சொல்லிக் கொடுத்தாள். சின்ன தெரேஸ் சிலுவை அடையாளம் வரைந்து அதைப் பக்தியாய் உட்கொண்டது.

சிறு பிள்ளைகளின் விளையாட்டென்று இதை ஒதுக்கவேண்டாம். தாய் வீட்டில் இருந்துவிட்டதால் ஞாயிறு அவ்வீட்டில் குறைந்துபோகவில்லை. கோவிலுக்குப் போனவர்கள் கோவிலை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் கோவிலை நினைத்து நடந்தார்கள்.

அவசியமும் அன்பும்

பழைய ஏற்பாட்டில் சாபத்து என்னும் ஏழாம் நாள் ஓய்வு நாளாயிருந்தது. ஆண்டவர் உயிர்த்தெழுந்த வாரத்தின் முதல் நாளைத் திருச்சபை தொடக்கமுதல் தன் நாளாகக் கொண்டது. ஆயினும் ஓய்வு நாளின் உட்கருத்தை விளக்கியவர் நமது கர்த்தரே. சாபத்து நாளில் நோயாளிகளைக் குணமாக்கினார். கிணற்றில் விழுந்த மாட்டை அன்றே தூக்கிவிடாதவன் உண்டோ என்று பரிசேயரைக் கேட்டு அவர்கள் வாயை அடைத்தார். ஓய்வு நாள் மனிதனுக்காக உண்டாக்கப்பட்டது என்பதே அவர் போதனை.

இதையே திருச்சபை தன் பிள்ளைகளுக்குச் சட்டமாய்க் கற்பிக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் கடன் திருநாட்களிலும் பூசை காண்பது கடமை. தேவ ஆராதனைக்கும், அந்நாளுக்குரிய சந்தோஷத்துக்கும், உள்ளத்துக்கும் உடலுக்கும் வேண்டிய ஓய்வுக்கும் தடையாயிருக்கும் வேலைகளை விட்டுவிட வேண்டும். குடும்பத்தின் தேவையும் பிறருக்குச் செய்யும் முக்கியமான ஊழியமும் நியாயமான விலக்குகள். நோயாளியைப் பார்க்க வீட்டில் இருந்த தாய் பூசைக் கடனை மீறியவளல்ல. ஆனால் விலக்கு வழக்கமாகி, பக்தியையும் குடும்ப வாழ்வையும் உடல்நலத்தையும் கெடுக்கலாகாது என்று 1992-ம் ஆண்டில் வெளியான திருச்சபையின் ஞான உபதேச நூல் எச்சரிக்கிறது. நமது சௌகரியத்துக்காகப் பிறருடைய ஞாயிற்றைப் பறிக்கலாகாது என்றும் அதே நூல் சொல்லுகிறது.

செலி அம்மாள் இந்தப் பகுத்தறிவோடு நடந்தவள். வேலை எது, அவசியம் எது என்று அவளுக்குத் தெரியும். 1873-ம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், பிறந்து இரண்டு மாதமே ஆன தெரேஸ் குழந்தை பால் குடிக்க மாட்டாமல் சாகக் கிடந்தது. விடியுமுன் அந்தத் தாய் தனியே நடந்து, ஏறக்குறைய எட்டுக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள செமால்லே என்னும் கிராமத்துக்குப் போய், பால் கொடுக்கும் செவிலித்தாயை அழைத்து வந்தாள். அது ஞாயிறாயிருந்திருந்தால் போயிருக்கமாட்டாள் என்று யார் நினைப்பார்கள்? குழந்தையின் உயிர் கிணற்றில் விழுந்த மாட்டைவிட மேலானது. லேஸ் துண்டோ ஒருநாள் காத்திருக்கக்கூடியது. காத்திருக்கக்கூடியதையும் காத்திருக்கக் கூடாததையும் வேறுபிரித்து அறிந்ததே அவ்வீட்டின் ஞானம்.

அதே ஆண்டு சகல அர்ச்சியசிஷ்டவர்கள் திருநாளன்று, லெ மான் நகரில் தேவமாதா மினவுதல் சபைக் கன்னியர் மடத்தில் படித்துக்கொண்டிருந்த மூத்த பெண்கள் இருவருக்கும் அவள் கடிதம் எழுதினாள். மரித்த உறவினருக்காக வேண்டிக்கொள்ள வேஸ்பருக்குப் போகவேண்டியிருப்பதைச் சொல்லி, தானும் அர்ச்சியசிஷ்டவளாக விரும்புவதாகவும், ஆனால் வெட்டவேண்டிய மரம் அதிகமென்றும், அது கல்லைப்போல் கடினமாயிருக்கிறதென்றும் எழுதினாள். வீட்டு வேலையின் நடுவிலேயே அவள் அந்த மரத்தை வெட்டிக்கொண்டிருந்தாள்.

கடைசி மாதங்கள்

1876-ம் ஆண்டின் இறுதியில், செலி அம்மாளின் மார்பில் பல வருஷங்களாய் இருந்த கட்டி புற்றுநோய் என்றும், சிகிச்சைக்குக் காலம் கடந்துவிட்டதென்றும் வைத்தியர் சொன்னார். 1877-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் மூத்த பெண்கள் மூவரோடு லூர்து மாதா கெபிக்கு யாத்திரை போய்வந்தாள். சுகம் கிடைக்கவில்லை. முறுமுறுப்பின்றித் திரும்பி வந்து மறுபடி வேலையைத் தொடங்கினாள்.

அந்தக் கோடையில் நோய் கழுத்துக்கு ஏறியது. கோவிலுக்குப் போகிற வழியில் வைக்கிற ஒவ்வோர் அடியும் கழுத்தில் இடிபோல் விழுந்தது. நடுவழியில் நின்று நின்று மூச்சு வாங்கவேண்டியிருந்தது. அப்போதும் அதிகாலைப் பூசையை விட மனம் வரவில்லை. லூயியின் தோளில் சாய்ந்துகொண்டு போனாள். அந்நிலையிலிருந்த ஒரு நோயாளியைத் திருச்சபையின் கட்டளை வற்புறுத்துவதில்லை. கடமைக்காக மாத்திரம் போனவளாயிருந்தால் அவள் வீட்டில் இருந்திருப்பாள். எத்தனையோ வருஷங்களாய் நோயாளிக்கும் குழந்தைக்கும் விட்டுக்கொடுத்த அதே தாய், தன் சொந்த உடம்புக்கு மாத்திரம் விட்டுக்கொடுக்கவில்லை.

1877-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 28-ந் தேதி, 45-வது வயதில், செலி அம்மாள் மரித்தாள். தெரேசுக்கு அப்போது நாலரை வயது.

தாயில்லா வீட்டின் ஞாயிறு

லூயிக்கு வயது 54. ஐந்து பெண் பிள்ளைகள். அலென்சோனில் அவருக்குச் சிநேகிதர்களும், மீன் பிடித்துப் பொழுதுபோக்க ஆறும், தாயாரும், மனைவியின் கல்லறையும் இருந்தன. ஆனால் லிசியே நகரில் மருந்துக்கடை வைத்திருந்த செலி அம்மாளின் தம்பி, பிள்ளைகள் தங்களருகில் வளரவேண்டுமென்று கேட்டுக்கொண்டார். பிள்ளைகளுக்கு மாமியின் அரவணைப்புக் கிடைக்கும் என்பதற்காக லூயி தமக்குப் பிரியமானவற்றையெல்லாம் விட்டு, அவ்வருஷம் நவம்பர் மாதத்தில் லிசியேக்குக் குடிபோனார்.

அங்கும் ஞாயிறு மாறவில்லை. வீட்டு நிர்வாகத்தை மூத்த மகள் மரி ஏற்றுக்கொண்டாள். ஞாயிறு காலையில் சின்னவளைச் சற்று அதிக நேரம் தூங்கவிட்டு, பவுலின் படுக்கைக்கே சாக்கொலாத்து பானம் கொண்டுவந்து கொடுப்பாள். பிறகு திருநாள் உடுப்பு உடுத்தி, தகப்பனார் கையைப் பிடித்துக்கொண்டு அர்ச். இராயப்பர் கோவிலுக்குப் போவாள் தெரேஸ். பிரசங்க நேரத்தில் பிரசங்கியாரைப் பார்ப்பதைவிடத் தகப்பனார் முகத்தையே அதிகமாய்ப் பார்ப்பாளாம். கேட்ட வசனத்துக்கு அவர் கண்களில் நீர் நிறைவதைக் கண்டு அவள் கற்றது அதிகம். மாலையில் அந்த நாள் முடிகிறதென்று அவளுக்குத் துக்கமாயிருக்கும். முடிவில்லாத ஓய்வு நாளாகிய மோட்சத்தை அப்போது நினைப்பாள். பிள்ளைகளுக்கு ஞாயிறு முடிகிறதே என்று வருத்தமுண்டானால், பெரியவர்கள் அந்நாளை நன்றாய் நடத்தினார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஐந்து பெண்களும் துறவறம் புகுந்தார்கள். நால்வர் லிசியே கார்மேல் மடத்திலும், லெயோனி கான் நகரத்து மினவுதல் சபை மடத்திலும் சேர்ந்தார்கள். லூயி கடைசி வருஷங்களில் மூளை சம்பந்தமான நோயால் மிகவும் தாழ்த்தப்பட்டு, 1894-ம் ஆண்டு ஜூலை மாதம் 29-ந் தேதி இறந்தார். பாப்பரசர் 11-ம் பத்திநாதர் 1925-ம் ஆண்டில் தெரேசம்மாளுக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தார். பெற்றோருக்கு 2008-ம் ஆண்டு அக்டோபர் 19-ந் தேதி முத்திப்பேறு பட்டமும், 2015-ம் ஆண்டு அக்டோபர் 18-ந் தேதி பிரான்சிஸ் பாப்பரசரால் அர்ச்சியசிஷ்ட பட்டமும் கிடைத்தன. கணவனும் மனைவியும் ஒருமிக்க, தம்பதிகளாகவே, அப்பட்டம் பெற்றது அதுவே முதல் தடவை. இரண்டு பட்டங்களும் அளிக்கப்பட்ட நாள் ஞாயிற்றுக்கிழமை. அவர்கள் திருநாள் ஜூலை மாதம் 12-ந் தேதி.

நம் வீடுகளுக்கு

அன்பான வாசகர்களே, இந்தத் தம்பதிகள் நமக்குக் கொடுக்கும் பாடம் மூன்று வார்த்தையில் அடங்கும். திங்கட்கிழமைக்குத் தள்ளக்கூடியதைத் தள்ளிவையுங்கள். தள்ளக்கூடாததை முறுமுறுக்காமல் அன்போடு செய்யுங்கள். அந்த இரண்டாவது பாரத்தை வீட்டில் ஒருவர் தலையில் மாத்திரம் வைக்காதிருங்கள்.

கடைசியில் சொன்னதைக் குடும்பத் தலைவர்கள் விசேஷமாய்க் கவனிக்கவேண்டும். ஞாயிறு விருந்து வேண்டுமென்று கேட்பது எளிது. அதைச் சமைப்பவளுக்கும் ஞாயிறு உண்டென்று நினைப்பது அரிது. சனிக்கிழமை இரவே காய்கறி அரிந்து வைக்கக் கை கொடுக்கும் கணவனும், முதல் பூசைக்குப் போய்வந்து குழந்தையை வாங்கிக்கொண்டு தாயை இரண்டாம் பூசைக்கு அனுப்பும் மகளும், பேரப் பிள்ளைகளுக்குச் சட்டை போட்டுவிடும் பாட்டியும், வீட்டு வேலைக்கு வரும் பெண்ணைப் பூசைக்குப் போய்வா என்று நேரத்தோடு அனுப்பும் எஜமானியும் மூன்றாம் கற்பனையை அனுசரிக்கிறவர்களே.

கடைக்காரருக்கு லூயியின் அடைத்த கதவு கண் முன் நிற்கட்டும். களைத்த தாய்மார், பூசை மணி கேட்டும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வீட்டில் இருக்க நேரும்போது, அலென்சோன் வீட்டில் அப்படியே இருந்த செலி அம்மாளை நினைத்துக்கொள்ளட்டும். அர்ச். லூயியும் அர்ச். செலி அம்மாளும் நம் பங்கிலுள்ள ஒவ்வொரு குடும்பத்துக்காகவும் வேண்டிக்கொள்வார்களாக.